மண்ணும் மிளகாயும் வெண்மணலும்: நியூ மெக்சிகோவில் எட்டு நாள்

முதல் நாள்: டல்லாஸ் முதல் அல்புகர்க்கி வரை

விடியற்காலை ஐந்து மணிக்கு டல்லாஸில் வண்டியை எடுத்தோம். நான், கணவர், ஆறு மாதம் எங்களோடு தங்க வந்திருக்கும் மாமனார், மூன்று பேர். மாமா பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்பார். அமரில்லோ தாண்டி நியூ மெக்சிகோ மாநில எல்லைப் பலகை வந்ததும், மஞ்சள் துணியில் சிவப்புச் சூரியன் வரைந்த அந்தக் கொடியை நிறுத்திப் பார்த்தோம். 1925ல் ஏற்றுக்கொண்ட கொடி. நாலு திசைக்கும் நாலு நாலு கோடாக நீளும் அந்தச் சூரியன் சியா என்ற பழங்குடி கிராமத்தாரின் புனிதச் சின்னம், அவர்களுடைய ஒரு பானையில் இருந்து எடுத்தது.

அல்புகர்க்கி போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கிழக்கே இருக்கும் மலைக்கு சாந்தியா என்று பெயர், ஸ்பானிஷில் தர்ப்பூசணி. ஏன் அப்படி வைத்தார்கள் என்று பலரும் பல காரணம் சொல்கிறார்கள், அந்திவெயிலில் மலை முழுக்கச் சிவந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் மாதம் இங்கே மிளகாய்க் காலம். ஒரு மளிகைக் கடை வாசலில் பீப்பாய் அளவு கம்பிவலை உருளையில் பச்சை மிளகாயைக் கொட்டி, கீழே கேஸ் தீயைச் சீறவிட்டுச் சுற்றுகிறார்கள். மூன்று நான்கு நிமிடத்தில் தோல் கருகிக் கொப்பளித்துச் சருகாகப் பறக்கிறது, உடனே பையில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள், அந்தச் சூட்டிலேயே வெந்து தோல் தனியாக உரிந்து வருகிறது. "நெடி ஏறும்னு துண்டை எடுத்து மூக்குல வச்சேன், ஏறவே இல்லையேம்மா" என்றார் மாமா. உண்மைதான், வறமிளகாய் தாளிக்கிற நெடி இல்லை, சுட்ட கத்திரிக்காய் போல ஒரு வாசனை. எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்கிறார்கள், இந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியே அதுதான். இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். மெக்சிகோ பக்கம் இருந்து ஸ்பானியர்களோடு வடக்கே இந்த ரியோ கிராண்டே ஆற்றங்கரைக்கு வந்த அதே செடியைத்தான் போர்ச்சுகீசியர்கள் கப்பலில் நம் பக்கம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான், மிளகாய் என்ற பெயரிலேயே அது இருக்கிறது.

இரண்டாம் நாள்: ஆக்கோமா

அல்புகர்க்கிக்கு மேற்கே ஒரு மணி நேரம். சமவெளி நடுவில் 360 அடிக்கு மேல் செங்குத்தாக எழும்பி நிற்கிற பாறை, அதன் உச்சியில் ஆக்கோமா என்ற பழங்குடி ஊர். எண்ணூறு தொள்ளாயிரம் வருடமாக மனிதர்கள் வாழும் ஊர். நம் வண்டியில் மேலே போக முடியாது, அடிவாரத்தில் சீட்டு வாங்கி அவர்கள் பேருந்தில், அவர்கள் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். மேலே மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. சில குடும்பங்கள்தான் வருடம் முழுக்க இருக்கின்றன, மற்றவர்கள் கீழே உள்ள ஊர்களில் வாழ்ந்து விழாக்களுக்கு மேலே வருகிறார்கள். மாமா தேடிய தண்ணீர் பாறைக்குழிகளில் இருந்தது, மழை பெய்து தேங்கிய தண்ணீர்.

வழிகாட்டிய பெண் 1599ஆம் வருடத்தைப் பற்றிப் பேசும்போது குரலை உயர்த்தவே இல்லை. முந்தைய வருடம் ஹுவான் தே ஒன்யாத்தே என்ற ஸ்பானியத் தளபதி குடியேறிகளோடு வந்து இந்த நாடெல்லாம் தன் அரசருக்குச் சொந்தம் என்று அறிவித்தான். தானியம் கேட்டு மேலே வந்த அவன் ஆட்களோடு சண்டை மூண்டு, அவன் நெருங்கிய உறவினன் ஒருவன் உட்படப் பலர் இறந்தார்கள். ஜனவரியில் பீரங்கியோடு திரும்பி வந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பிடிபட்டவர்களுக்கு விசாரணை என்று ஒன்று நடத்தி, 25 வயது தாண்டிய ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டவும், 20 வருடம் அடிமை வேலை செய்யவும் தீர்ப்பு. இந்தக் கொடுமைகளுக்காக 1614ல் மெக்சிகோ நகரத்தில் ஒன்யாத்தே மேலேயே குற்றம் தீர்ப்பானது என்பது பலருக்குத் தெரியாது.

அப்புறம் 1629ல் வந்த பாதிரியார் காலத்தில் அந்த உச்சியில் ஒரு தேவாலயம் எழும்பியது. கூரைக்கு வேண்டிய பெரிய உத்திரங்களை முப்பது மைல் தள்ளி இருக்கும் டெய்லர் மலையில் வெட்டி, தரையில் படாமல் தோளிலேயே சுமந்து வந்தார்கள் என்று சொல்கிறார்கள். அண்ணாந்து அந்த மரங்களைப் பார்த்தேன். உள்ளே படம் எடுக்கக் கூடாது, எடுக்கத் தோன்றவும் இல்லை. இறங்கும்போது பேருந்தை விட்டுவிட்டு, பாறையிலேயே வெட்டின பழைய படியில் வந்தோம். கைபிடிக்க அங்கங்கே குழி. எத்தனையோ தலைமுறைக் கைகள் பட்டு அந்தக் குழிகளின் விளிம்பு வழவழ என்று இருக்கிறது, என் விரல்கள் அதில் சரியாகப் பொருந்தின.

மூன்றாம் நாள்: சாண்டா ஃபே

ஏழாயிரம் அடி உயரம். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் இதுதான் மிக உயரத்தில் இருப்பது. எனக்குக் காலையிலிருந்து தலைவலி, தண்ணீராகக் குடித்துச் சமாளித்தேன்.

ஊர் முழுக்க மண் நிறம். 1957ல் இருந்து பழைய நகரப் பகுதியில் கட்டடங்கள் இந்தப் பாணியில்தான் இருக்க வேண்டும் என்று விதி. நிறைய கட்டடங்கள் உண்மையில் சிமெண்ட் கலவையை மண் நிறத்தில் பூசினவை, தொட்டால் தெரிந்துவிடும். ஆனால் நடுச் சதுக்கத்தின் வடக்கே இருக்கும் ஆளுநர் மாளிகை அப்படி இல்லை. ஊர் உருவான 1610ஆம் ஆண்டுவாக்கில் எழுப்பியது. ஸ்பெயின், மெக்சிகோ, அமெரிக்கா என்று மூன்று கொடியும் அதன் மேல் பறந்திருக்கின்றன. இடையில் 12 வருடம் அதில் பழங்குடியினரே இருந்தார்கள், எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த கதை அதுதான்.

1675ல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 47 பூசாரிகளைப் பிடித்துச் சவுக்கால் அடித்தார்கள். அவர்களில் ஒருவர் போப்பே. விடுதலையாகி வந்தவர், ஐந்து வருடம் பொறுத்து, ஆறேழு மொழி பேசுகிற, நூற்றுக்கணக்கான மைல் சிதறிக் கிடக்கிற ஊர்களை ஒரே நாளில் எழ வைத்தார். எழுத்தும் கிடையாது, குதிரையும் கிடையாது. முடிச்சுப் போட்ட நார்க்கயிற்றை ஓட்டக்காரர்கள் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார், தினமும் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும், கடைசி முடிச்சு அவிழும் நாளில் எல்லோரும் எழ வேண்டும். இரண்டு ஓட்டக்காரர்கள் பிடிபட்டுவிட்டதால் ஒரு நாள் முன்னதாகவே, 1680 ஆகஸ்ட் 10ல் வெடித்தது. பாதிரியார்கள் 21 பேர் உட்பட சுமார் 400 ஸ்பானியர்கள் கொல்லப்பட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் இந்த மாளிகைக்குள் அடைந்தார்கள். முற்றுகை இட்டவர்கள் உள்ளே போகிற வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். "அவ்வளவுதான், தண்ணிய நிறுத்திட்டா கோட்டை என்ன செய்யும்?" என்றார் மாமா. சில நாளில் ஸ்பானியர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு தெற்கே போனார்கள். 1692ல்தான் திரும்பி வந்தார்கள், ஆனால் பழையபடி நெருக்க முடியவில்லை. இன்றைக்கும் இங்கே புவெப்லோ என்று சொல்கிற 19 பழங்குடி ஊர்கள் தங்கள் மொழியோடும் சடங்கோடும் இருப்பதற்கு அந்த 12 வருடம் ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் மாநிலத்துக்கு இரண்டு சிலை வைக்கலாம், நியூ மெக்சிகோ வைத்த இரண்டில் ஒன்று போப்பே. கையில் முடிச்சுக் கயிறு.

மாளிகைத் தாழ்வாரத்தில் பழங்குடிக் கைவினைஞர்கள் துணி விரித்து விற்கிறார்கள். இடத்துக்குக் காலையில் குலுக்கல், தானும் தன் குடும்பமும் கையால் செய்ததை மட்டும்தான் விற்கலாம். நீலக்கல் மணிமாலை ஒன்றை ஒரு பாட்டியிடம் வாங்கினேன். ஒவ்வொரு மணியும் கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது, துளையும் கையால் போட்டது என்றார்.

நான்காம் நாள்: மலைப்பாதை

சிமாயோ என்ற ஊரில் 1816ல் கட்டிய சின்ன மண் தேவாலயம். பக்கத்து அறையில் தரையில் ஒரு குழி, அதில் செம்மண். நோய் தீரும் என்ற நம்பிக்கையில் அந்த மண்ணை எடுத்துப் போகிறார்கள், புனித வெள்ளி வாரத்தில் பல்லாயிரம் பேர் சாலையோரமாக நடந்தே வருவார்களாம். சுவர் ஓரம் வரிசையாகக் கைவிட்ட ஊன்றுகோல்கள். எனக்கு முன்னால் ஒரு இளைஞர் மண்டி போட்டு ஒரு பிடி மண் எடுத்துக் காகிதத்தில் மடித்து, ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. நானும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். யாருக்கு என்று இங்கே எழுதப் போவதில்லை.

அங்கிருந்து லாஸ் திராம்பாஸ். இந்த ஊரை மாமா வாழ்நாளில் மறக்க மாட்டார். 1760களில் கட்ட ஆரம்பித்த தேவாலயத்தைப் பார்க்க நிறுத்தினோம், ஊரைத் தாண்டினதும் சாலையோரம் ஒரு ஓடையின் மேல், குடைந்த மரங்களை வரிசையாகத் தாங்கு கட்டைமேல் வைத்து, அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிப் பாலம்தான், மரத்தில்! மாமா கீழே இறங்கி, எந்த இடத்தில் கசிகிறது, எவ்வளவு வாட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று குனிந்து குனிந்து பார்த்தார்.

இந்த வாய்க்கால்களுக்கு அசெக்கியா என்று பெயர். அரபு மொழிச் சொல் ஸ்பெயின் போய், ஸ்பானியர்களோடு இங்கே வந்தது. மாநிலத்தில் இப்படிச் சுமார் 700 வாய்க்கால்கள் இயங்குகின்றன. மயோர்தோமோ என்று ஒருவரைப் பங்குதாரர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், யாருக்கு எந்த நாள் எத்தனை மணி நேரம் முறைத் தண்ணீர் என்று அவர்தான் சொல்வார், தண்ணீர் குறைந்த வருடம் எல்லோருக்கும் குறையும். வசந்த காலத்தில் பாசனம் தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பமும் மண்வெட்டியோடு வந்து தூர் வார வேண்டும், வர முடியாவிட்டால் கூலியாள் வைக்க வேண்டும். கூட்டம் போட்டு, கணக்கு எழுதி, சண்டை போட்டு, சமாதானமாகி, முந்நூறு வருடமாக இது நடக்கிறது. "மதகு கட்டுறது பெரிய வேலையில்லம்மா, வருஷா வருஷம் ஆள் சேர்த்துத் தூர் வார்றதுதான் வேலை" என்றார். தாவோஸ் வந்து சேரும் வரை அதே பேச்சு.

ஐந்தாம் நாள்: தாவோஸ் புவெப்லோ



ஐந்து அடுக்கு மண் வீடு. ஓடையின் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. பல நூறு வருடமாக இதே இடத்தில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், 1992ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. முன்பெல்லாம் வாசலே கிடையாது, ஏணி வைத்துக் கூரை வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும், எதிரி வந்தால் ஏணியை இழுத்துக்கொள்ளலாம். பழைய மதிலுக்குள் மின்சாரமும் குழாயும் கூடாது என்று அவர்களே வைத்திருக்கிறார்கள். குடிக்க அந்த ஓடைத் தண்ணீர்தான்.

ஒரு சுவரில் புதிதாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். மண், தண்ணீர், நறுக்கின வைக்கோல், அவ்வளவுதான். ஒரு பெரியவர் கலவையை உள்ளங்கையில் அள்ளி, சுவரில் அப்பி, மணிக்கட்டை லேசாகத் திருப்பி இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் வைக்கோல் துணுக்குகள் ஒரே திசையில் படுத்து வெயிலில் மின்னின. மழையும் பனியும் கரைத்ததைத் திரும்பத் திரும்பப் பூசுகிறார்கள், பூசாமல் விட்டால் சில வருடங்களில் சுவர் மண்ணோடு மண்ணாகிவிடும்.

அப்படிக் கரைந்துபோன ஒன்றும் அங்கேயே இருக்கிறது. பழைய தேவாலயத்தின் மணிக்கூண்டு, கல்லறைகளுக்கு நடுவில் தனியாக நிற்கிறது. 1846ல் அமெரிக்கப் படை இந்த நாட்டைப் பிடித்தது, அடுத்த ஜனவரியில் இங்கே கலகம், ஆளுநர் சார்லஸ் பென்ட் கொல்லப்பட்டார். பழிவாங்க வந்த படை, தேவாலயத்துக்குள் ஒளிந்தவர்கள் மேல் பீரங்கி சுட்டது. அதை அவர்கள் திரும்பப் பூசவில்லை.

மலைமேல் நீல ஏரி என்று ஒன்று இருக்கிறது. தங்கள் முன்னோர் வந்த இடம் என்று இவர்கள் வணங்குவது, வெளியாட்கள் போகக் கூடாது. 1906ல் அரசாங்கம் அதை வனத்துறை நிலமாக எடுத்துக்கொண்டது. பணம் தருகிறோம் என்றார்கள், இவர்கள் வாங்கவில்லை. ஏரிதான் வேண்டும் என்று 64 வருடம் கேட்டார்கள். தொண்ணூறு வயதை ஒட்டிய தலைமைப் பூசாரி ஹுவான் தே ஹேசுஸ் ரொமேரோ வாஷிங்டன் போய் நின்றார். 1970 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டு 48,000 ஏக்கர் திரும்பி வந்தது. இதை எங்களுக்குச் சொன்னது கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், அந்த ஊர்க்காரி. "எங்க தாத்தா பாட்டி அன்னைக்கு அழுதாங்க" என்று சொல்லிவிட்டு, மலை இருக்கும் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

ஆறாம் நாள்: லாஸ் அலமாஸ்

மேசை போன்ற மலைமேல் ஒரு அமைதியான சிற்றூர். 1943ல் ஒரு பள்ளிக்கூடத்தையும் சுற்றியிருந்த சிறு விவசாயிகளின் நிலத்தையும் எடுத்துக்கொண்டு, இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் தலைமையில் அணுகுண்டு செய்த ஊர். அன்று வரைபடத்தில் பெயர் கிடையாது, எல்லோருக்கும் ஒரே அஞ்சல் பெட்டி எண், 1663. அங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில்கூட அந்த எண்தான். அருங்காட்சியகத்தில் இரண்டு குண்டுகளின் மாதிரிகளும் நிற்கின்றன. அதைப் பார்த்தபின் மூன்று பேருக்கும் பேச்சு வரவில்லை, மதியமே தெற்கே கிளம்பி இரவு சொக்கோரோவில் தங்கினோம்.

ஏழாம் நாள்: சாவுப் பயணச் சமவெளியும் வெண்மணலும்

380ஆம் எண் சாலையில் கிழக்கே போனால் ஒரு அறிவிப்புக் கல் வரும். அங்கிருந்து தெற்கே, வேலிக்கு அப்பால், 1945 ஜூலை 16 காலை 5.29க்கு முதல் அணுகுண்டை நூறடி எஃகுக் கோபுரத்தில் வைத்து வெடித்தார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் உள்ளே விடுகிறார்கள். மணல் உருகிப் பச்சைக் கண்ணாடியானது. அந்தச் சமவெளிக்கு ஸ்பானியர்கள் முன்பே வைத்த பெயர் செத்தவனின் நாள்பயணம் என்பது போல வரும்.

ஓப்பன்ஹைமர் சமஸ்கிருதம் படித்தவர், பின்னாளில் அந்தக் காலையை நினைத்துக் கீதை வரியைச் சொன்னார், இது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று சாம்பல் யார் வீட்டுக் கூரையில் விழுந்தது என்பது தெரியாது. சுற்றிலும் ஆளே இல்லாத பாலைவனம் என்று சொல்லிக்கொண்டார்கள், ஆனால் பண்ணைகளும் ஊர்களும் இருந்தன. யாருக்கும் முன்னெச்சரிக்கை இல்லை, வெடிமருந்துக் கிடங்கு வெடித்துவிட்டது என்று பத்திரிகையில் போட்டார்கள். கூரையில் விழுந்த மழையைத் தொட்டியில் பிடித்துக் குடித்த ஜனங்கள், தங்கள் மாட்டுப் பாலைக் குடித்த ஜனங்கள். துலரோசா ஊரில் குடும்பம் குடும்பமாகப் புற்றுநோய் என்று அந்த ஊர்க்காரர்கள் வருடக்கணக்காகப் பட்டியல் எடுத்து வைத்திருக்கிறார்கள். 1990ல் அணு சோதனைக் கதிர்வீச்சுக்கு இழப்பீடு தரச் சட்டம் வந்தபோது நெவாடா சோதனைத் தளத்தின் காற்று வீசிய பகுதிகள் மட்டும் சேர்ந்தன, முதல் குண்டு வெடித்த இந்த மாநிலத்து ஜனங்கள் சேரவில்லை. 2025 ஜூலையில்தான் சேர்த்தார்கள். எண்பது வருடம்! துலரோசாவில் தேநீர் குடிக்க நிறுத்தினோம், தெருவோரம் பருத்திமரங்கள், பக்கத்திலேயே அசெக்கியா ஓடுகிறது. இவ்வளவு அழகான ஊர். எனக்கு நெஞ்சு கனத்துப் போய்விட்டது.

சாயங்காலம் வெண்மணல் தேசியப் பூங்கா. 275 சதுர மைலுக்குச் சுத்தமான வெள்ளை. சாதாரண மணல் இல்லை, ஜிப்சம். சுற்று மலைகளில் இருந்து மழையில் கரைந்து வருகிறது, ஆறு எதுவும் இந்தப் பள்ளத்தை விட்டு வெளியே போகாததால் ஏரியில் தேங்கி, காய்ந்து, படிகமாகி, காற்றில் நொறுங்கிப் பறந்து மேடாகிறது. நடு வெயிலில் செருப்பைக் கழற்றி நின்றாலும் சுடாது, குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மேட்டின் உச்சி வரை ஏறினார்.

இதே பூங்காவின் மேற்கே, பழைய ஏரித்தரையில், மனிதக் காலடித் தடங்கள் கிடைத்திருக்கின்றன. 21,000 முதல் 23,000 வருடம் பழையவை என்று 2021ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவுக்கு மனிதர் வந்ததே பதிமூன்று, பதினாறாயிரம் வருடம் முன்புதான் என்ற கணக்கையே அது ஆட்டிவிட்டது. இன்னொரு தடம் அவ்வளவு பழையதில்லை, பத்தாயிரம் வருடத்துக்கு மேல். ஒரு பெண்ணாகவோ இளம் வயதினராகவோ இருக்கலாம், இடுப்பில் குழந்தையோடு சேற்றில் வேகமாக, நேர்கோட்டில் ஒரு மைல் அளவுக்கு நடந்திருக்கிறார். அங்கங்கே பெரிய தடத்தின் பக்கத்தில் குழந்தையின் சின்னப் பாதங்கள், இறக்கிவிட்டு, கை மாற்றி, மறுபடி தூக்கியிருக்கிறார். அதே வழியில் திரும்பி வந்திருக்கிறார், திரும்பும்போது சின்னப் பாதங்கள் இல்லை. இடையில் அந்தத் தடத்தைக் குறுக்கே ஒரு மாபெரும் யானையினம் கடந்து போயிருக்கிறது. குழந்தையை எங்கே விட்டுவிட்டு வந்தார்? சூரியன் இறங்கி மணல் முழுக்க ஊதா நிறமாகும் வரை அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் நாள்: கார்ல்ஸ்பாட்

கார்ல்ஸ்பாட் வரும் வழியில் எண்ணெய் லாரிகள், தூரத்தில் எரியும் வாயுச் சுடர்கள். எண்ணெய் எடுப்பதில் டெக்சாசுக்கு அடுத்து இந்த மாநிலம்தான். ஏழை மாநிலம் என்ற பெயர் இன்னும் போகவில்லை, ஆனால் அந்தப் பணம் வருவதால்தான் இங்கே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரியில் கட்டணம் இல்லை.

குகைக்கு மின்தூக்கியில் 750 அடி கீழே போகலாம், நானும் கணவரும் நடந்தே இறங்கினோம், ஒன்றேகால் மைல் வளைந்து வளைந்து. சுமார் 26 கோடி வருடத்துக்கு முன் கடலாக இருந்தபோது வளர்ந்த சுண்ணாம்புத் திட்டு, பின்னால் கீழே எண்ணெய்ப் படுகையில் இருந்து மேலேறிய வாயு தண்ணீரோடு சேர்ந்து கந்தக அமிலமாகி அதை அரித்திருக்கிறது. வெளியே காந்துகிற வெயில், உள்ளே 13 டிகிரி. விளக்குகள் ரொம்ப மங்கலாகத்தான் வைத்திருக்கிறார்கள், அதுதான் சரி. மாமா மின்தூக்கியில் வந்து பெரிய கூடத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார், ஒரு கல்தூணைக் காட்டி "சொட்டுச் சொட்டா எத்தனை வருஷம்" என்றார், மேலே பேசவில்லை.

மாலையில் குகை வாய்க்கு எதிரே கல் படிக்கட்டுகளில் உட்கார்ந்தோம். வௌவால்களுக்குத் தொந்தரவு என்பதால் கைபேசி, கேமரா எல்லாவற்றையும் அணைத்து உள்ளே வைக்கச் சொன்னார் வனக்காவலர். 1898 வாக்கில் ஜிம் வைட் என்ற மாடு மேய்க்கிற பையன் தூரத்தில் புகை என்று நினைத்து வந்து பார்த்தது இதைத்தானாம். வனக்காவலர் சொல்லிக்கொண்டே இருக்கும்போது பேச்சை நிறுத்திக் கையைத் தூக்கினார்.

முதலில் நாலைந்து. அப்புறம் ஒரு கயிறு முறுக்கிக்கொண்டு மேலேறுவது போல, இடச்சுழியாகச் சுற்றிச் சுற்றி, குகை வாயில் இருந்து ஆயிரக்கணக்கில் எழுந்து தென்கிழக்கே ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் ஒரு இருமல் சத்தம் இல்லை. சிறகுகளின் சத்தம் மட்டும், இலைகளுக்குள் மெல்லிய மழை பெய்வது போல. முகத்தில் லேசாகக் காற்று பட்டது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வருதும்மா, இன்னும் வருது" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார். இருட்டி, கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.